சித்திரைக்கு வடகரை, தைக்குத் தென்கரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் எல்லாச் சுற்றுலாப் பக்கங்களிலும், தங்கள் நாளிதழ் உட்பட, ராமேஸ்வரம் தீவைப் பற்றி ஒரு வரி தவறாமல் வருகிறது: 'மாலையில் அரிச்சல்முனையில் சூரிய அஸ்தமனத்தைக் கண்டு களிக்கலாம்.' இந்த வரியை நம்பி மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்து, முனைக்குப் போகும் வழியில் இருக்கும் முகுந்தராயர் சத்திரம் செக்போஸ்ட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் அநேகம். வரி தப்பு என்று சொல்ல முடியாது. தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைசி நுனியான அரிச்சல்முனை மண்ணில் நின்றால் வருடம் முழுக்கச் சூரியன் கடலில்தான் விழும். தீவின் வால் அங்கிருந்து வடமேற்காக நீள்கிறது. மேற்கும் தென்மேற்கும் திறந்த மன்னார் வளைகுடா. ஆனால் அந்த நேரத்தில் அங்கே நிற்க விடமாட்டார்கள் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பொதுவாக மாலை 5 மணிக்கு மேல் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. 6 மணிக்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பாதுகாப்பு நிலவரத்தைப் பொறுத்து இது முன்பின்னாக மாறும், அன்றைக்குச் செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்வதே சரி. மே மாத நடுவில் இங்கே சூரியன் மறைவது 6.25க்கு. சத்திரத்திலிருந்து முனைக்கு 9.5 கி.மீ. வெயில் சாய்ந்ததும் கிளம்பலாம் என்று இருப்பவர்களுக்கு, அது கிடைக்கவே கிடைக்காது. 6 மணிக்கு முன்பே பொழுதடைவது அக்டோபர் 10 வாக்கிலிருந்து டிசம்பர் 20 வாக்கு வரைதான். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். நேரம் ஒத்துவரும் மாதங்களில் மேகம் ஒத்துவராது.

அரிச்சல்முனையைக் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். மாலைக்கு வேறு கரைகள் இருக்கின்றன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எந்த மாதத்துக்கு எந்தக் கரை என்பது இங்கே வலை வளைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

முதலில் நேரம். நாள்காட்டிகளிலும் நாளிதழ்களிலும் பெரும்பாலும் அச்சாவது சென்னை நேரம். ராமேஸ்வரம் சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலும் இருப்பதால் வித்தியாசம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூன் கடைசியில் இங்கே சென்னையைவிட மூன்று நிமிடம் முந்தி மறைகிறது. டிசம்பர் கடைசியில் பத்து நிமிடம் பிந்தி. மழைக்காலத்தில் சென்னை நேரத்தைப் பார்த்து 'முடிந்துபோயிருக்கும்' என்று லாட்ஜிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இங்கே சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது மார்கழியில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நவம்பர் நடுவில், கார்த்திகை பிறக்கிற சமயம், 5.48. மார்கழிக்குள் அது 5.58 ஆகிவிடும். பொங்கலன்று 6.11. பிப்ரவரி நடுவிலிருந்து மே தொடக்கம் வரை ஏறக்குறைய அசையாமல் 6.22, 6.24 என்றே நிற்கும். பிறகு மெல்ல ஏறி ஜூலை முதல் பாதியில் 6.37, அதுதான் வருடத்தின் மிகப் பிந்திய மறைவு. ஆகஸ்ட் நடுவில் 6.30க்கு மறைந்தது நவம்பர் நடுவுக்குள் 42 நிமிடம் இறங்கிவிடுகிறது. ஆவணியில் வந்துபோனவர் ஐப்பசியில் அதே நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இருட்டைத்தான் பார்ப்பார்.

அடுத்தது திசை. இதுதான் முக்கியம். சூரியன் நேர் மேற்கில் மறைவது வருடத்தில் இரண்டே நாள்: மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும். ஆனி மாதத்தில் நேர் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே ஒதுங்கி விழும். மார்கழியில் அதே அளவு தெற்கே. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, ஆனிக்கும் மார்கழிக்கும் இடையே சூரியன் விழும் இடம் அடிவானத்தில் ஐந்து முஷ்டி அளவு நகர்கிறது. நீள்கரையான ஊர்களில் இது பெரிய விஷயமில்லை. ராமேஸ்வரம் போல வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல் என்று இருக்கிற ஒல்லியான தீவில், ஐந்து முஷ்டி நகர்ந்தால் கடலே மாறிவிடும்.

வடக்கே இருப்பது பாக் நீரிணைக் கடல், எங்கள் பேச்சில் வடகடல், பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல், ஆண்கடல். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பத்து தேதி வரைக்கும் தீவின் வடகரையில் நின்றால் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு பங்குனி வரை தென்கரை.

இதோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. தென்கடல் அப்போது கொந்தளித்துக் கிடக்கும். கரை மணல் கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தும். பொட்டலத்தைப் பிரித்தால் சோற்றிலும் மண். தீவு குறுக்கே நின்று மறைப்பதால் வடகரைத் தண்ணீர் அப்போது தட்டில் ஊற்றிய மாதிரி அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் இது தலைகீழ்: வடகடல் சீறும், தென்கரை அடங்கும். சூரியன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கமே கடலும் அடங்கிவிடுகிறது. அடங்கிய தண்ணீரில்தான் சூரியனுக்குக் கீழே அந்த ஒற்றைத் தங்கக் கோடு நேராக, ஒடுக்கமாக உங்கள் காலடி வரை வரும். அலை இருந்தால் அது அகன்று சிதறி வெறும் மினுமினுப்பாகிவிடும். இந்த வாய்ப்பு வேறு கடற்கரைகளுக்கு அவ்வளவு எளிதில் வாய்க்காது. நம் சுற்றுலா விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாதது வருத்தம்தான்.

இடங்களைச் சொல்கிறோம்.

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடிக்கு வில்லூண்டி தீர்த்தம். கோயிலிலிருந்து சுமார் 7 கி.மீ., தங்கச்சிமடத்துக்கு அருகே பிரதான சாலையிலிருந்து வடக்கே பிரிய வேண்டும். கடலுக்குள் நீளும் நடைபாலமும், அதன் முனையில் நல்ல தண்ணீர்க் கிணறும் இருக்கிற இடம். பகலில் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மாலையில் கூட்டம் குறைவு. பாலத்தின் முனைக்குப் போய் மேற்கே திரும்பி நில்லுங்கள். இடது கையோரம் கரை பாம்பன் பக்கமாக ஓடும். அதற்கு வலப்புறம் முழுக்கத் தண்ணீர். எதிரே இருக்கும் தேவிபட்டினம், பனைக்குளம் கரைகள் தூரத்தில் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஆழம் குறைந்த கடல் என்பதால் பெரிய அலை வராது. வற்று நேரமாக இருந்தால் கரையோரச் சேறு ஈரமாக மின்னி, வானம் இன்னொரு முறை கீழே விரிந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்க வேண்டாம். உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் எல்லாம் அந்த நாட்களில் நங்கூரமிட்டு நிற்கும். படகு வரிசைக்குப் பின்னால் பொழுது சாய்வதைப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு வருடத்தில் அதுதான் சமயம். படகுக்காரர்களுக்கு அது வருமானம் இல்லாத சமயம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் நல்லது.

ஆவணிக்குப் பிறகு பங்குனி வரை முகுந்தராயர் சத்திரத்தை ஒட்டிய தென்கரை. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என்பதால் முனைக்கு உள்ள நேரக் கெடுபிடி பொதுவாக இங்கே இல்லை. ஆனாலும் காவலர் கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். தென்மேற்கு பார்த்த கரை, எதிரே மறைப்பு எதுவும் இல்லை. இந்த இடத்தின் தனிச்சிறப்பு நிலத்தின் ஒடுக்கம். சூரியன் தென்கடலில் மறைந்ததும் சாலையைக் கடந்து கிழக்கே பார்க்கலாம். அங்கே என்ன பார்ப்பது என்பதைப் பின்னால் சொல்கிறோம். தனுஷ்கோடிக்குப் போகிற வழியில் கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் சாலையின் இருபுறமும் ஆழமில்லாத தண்ணீர் தேங்கி நிற்கும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் பூநாரைகள் அங்கே இறங்கும். 2025-ல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. பறவையை நோக்கி நடந்து போகாதீர்கள். ஒரு தடவை எழும்பினால் அது இரை தேடும் நேரத்தை இழக்கிறது. நீங்களும் படத்தை இழக்கிறீர்கள். சாலையிலேயே நின்றால் பழுப்பேறிய வெளிச்சத்தில் வரிசையாகக் கால்கள் மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

பாம்பனுக்குத் தெற்கே குந்துகால். 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை, நினைவு மண்டபம் இருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் குருசடைத் தீவுப் பக்கத்து மரவரிசைக்கு மேல் இறங்கும். வெறும் கடலைவிட இது அழகு என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் கட்சியும் அதுதான். தீவுகளுக்கு நீங்களாகப் படகு பேசிப் போகக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம். கரையில் யாராவது பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள், வாங்குவதும் குற்றமே.

ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிடுவோம். அக்னி தீர்த்தம் கிழக்குப் பார்த்தது. அங்கே சூரியன் உதிக்கும், மறையாது. மாலையில் அங்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், கோபுரத்துக்கும் லாட்ஜ் மாடிகளுக்கும் பின்னே, பொழுது அடைந்துபோகும். ராமர் பாதம் தீவிலேயே உயரமான இடம், சுற்றிலும் பார்க்கலாம். ஆனால் சூரியன் விழுவது உடைமரக் காட்டுக்கும் பனைகளுக்கும் மேல், கடலில் அல்ல. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி மூன்றும் உதயத்துக்கு உரியவை. அரியமான் நல்ல மணல், குளிக்க நல்லது, ஆனால் சூரியன் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய்விடும். தண்ணீரில் வண்ணம் மட்டும் மிஞ்சும். கீழக்கரை, ஏர்வாடிக் கரைகள் தெற்கும் கிழக்குமாகப் பார்த்தவை. அதைத் தாண்டி வாலிநோக்கத்தில் நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டுகிறது. ஐப்பசி பிற்பாதி முதல் தை வரை அந்த மூக்கின் மேற்குப் பக்கம் நின்றால் கடலில் விழும். போகிற வழியில் உப்பளங்கள். பாத்தித் தண்ணீர் அசையாது; காற்றே இல்லாத மாலையில் ஒரு பாத்திக்கு ஒரு சூரியன்.

பாம்பன் சாலைப் பாலம் தனி விஷயம். 1988-ல் திறந்த 2.3 கி.மீ. பாலம். அதன் நடுவில் நிறுத்திவிட்டு மண்டபம் கரைப் பக்கம் இறங்கும் சூரியனைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பஸ்ஸும் மீன் லாரியும் போகிற இரண்டே வழித்தடம். இறங்கும் சூரியன் மண்டபத்தை நோக்கி வரும் ஓட்டுநரின் கண்ணில் நேராக அடிக்கும். அதே நேரத்தில் செல்ஃபிக்காக ஒருவர் சாலை ஓரத்திலிருந்து ஓரடி பின்வாங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. காற்று வேகத்தில் தொப்பியும் போனும் கடலுக்குப் போவதெல்லாம் அதற்கு அடுத்த கவலை.

மாலையை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஒரு கணக்கு. கையை முழுக்க நீட்டி விரல்களைப் படுக்கையாகச் சேர்த்து, கடைசி விரலைக் கடலின் கோட்டில் வையுங்கள். ஒரு விரல் கனத்துக்கு 15 நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது சூரியன் சாய்வாக இறங்கும் வடநாடுகளுக்குச் சரி. இங்கே அது செங்குத்தாக இறங்குவதால் விரலுக்கு எட்டு நிமிடம்தான். நான்கு விரலுக்கு அரை மணி. 15 கணக்கை நம்பி டீக்கடையில் உட்கார்ந்தவர் திரும்பி வரும்போது சூரியன் இருக்காது. சூரியனை நேராகப் பார்த்து அளக்க வேண்டாம்; கையாலேயே அதை மறைத்துக்கொண்டு அளங்கள். அது மங்கிச் சிவக்கும் வரை கண்ணால் நோக்குவதும், பைனாகுலரிலோ கேமராவின் கண்ணாடித் துளையிலோ எந்த நிலையிலும் அதைப் பார்ப்பதும் கூடாது.

விளிம்பு தண்ணீரைத் தொட்டதிலிருந்து முழுக்க மூழ்க இரண்டேகால் நிமிடம் ஆகும். அந்த இரண்டேகால் நிமிடத்தில் கவனிக்க நிறைய இருக்கிறது. வட்டம் மேலும் கீழும் நசுங்கி முட்டையாகும். அடிவானத்தை ஒட்டிய காற்று ஒளியை வளைப்பதால், கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டப்படுகிறது. அந்த வளைவு சூரியனின் அகலத்தைவிடச் சற்று அதிகம். அதாவது சூரியன் தண்ணீரைத் தொடுவதாக நீங்கள் காணும்போது, உண்மையில் அது ஏற்கெனவே முழுக்கக் கீழே போய்விட்டது. கடல் சூடாகவும் காற்று அதைவிடக் குளிராகவும் இருக்கும் மார்கழி, தை மாலைகளில் இன்னொரு வேடிக்கை. சூரியன் தண்ணீரைத் தொடும் முன்பே கடலுக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துண்டு மேலே வந்து அதைத் தொடும். இரண்டும் ஒட்டி, பாதம் வைத்த பானை போல ஒரு உருவம் நிற்கும். கானல்தான், ஆனால் முதல் தடவை பார்ப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். அடிவானம் கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருந்தால் கடைசித் துளி ஒரு வினாடி பச்சையாக மின்னி மறையலாம். அதற்காகவே வராதீர்கள், அபூர்வம்.

குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. தண்ணீரோர மணலில் குப்புறப் படுத்து, தலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு கடைசித் துளி மறைவதைப் பார்க்கச் சொல்லுங்கள். மறைந்த கணமே சட்டென்று எழுந்து நின்றால், நான்கைந்து வினாடிக்கு அந்தத் துளி மறுபடி தெரியும். உலகம் உருண்டை என்பதற்கு இதைவிட மலிவான பாடம் இல்லை.

பெரும்பாலானவர்கள் இத்தோடு மணலைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்துக்கு நிறம் ஏறுவது மறைந்து ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகே. தரையில் நமக்கு மறைந்த சூரியன் அந்த உயரத்தில் இன்னும் மறைந்திருக்காது. ஒளி கீழிருந்து மேகத்தின் அடிவயிற்றில் படும். இந்த நேரத்தில்தான் முகுந்தராயர் சத்திரத்தில் சாலையைக் கடந்து கிழக்கே திரும்ப வேண்டும். வடகடலுக்கு மேலே சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் இன்னொன்று. கீழே இருப்பது பூமியின் நிழல். அது நிமிடத்துக்கு நிமிடம் உயர்ந்து ரோஜாப் பட்டையை விழுங்குவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். பௌர்ணமியன்று வந்தால், மேற்கே சூரியன் விழும் அதே சமயத்தை ஒட்டி அந்தப் பட்டைக்குள்ளிருந்து நிலா எழும். சித்திரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் கூடுகிற கூட்டத்தில் பாதிக்கு இது தெரியாது. இங்கே எந்த மாதப் பௌர்ணமியும் போதும். ஒரு நாள் முன்னதாக வந்தால் நிலா முக்கால் மணி நேரம் முன்பே எழுந்திருக்கும்.

எந்த மாலை நல்ல மாலை என்று நான்கு மணிக்கே ஓரளவு சொல்லிவிடலாம். மேற்கு அடிவானத்தில் இரண்டு விரல் அளவுக்குத் துப்புரவாக இருந்து, அதற்கு மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் மேகம் இருந்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வரலாம். மேகமே இல்லாவிட்டால் ஒரு மஞ்சள் பட்டை, அவ்வளவுதான். அடிவானத்தில் இரண்டு விரலுக்கு மேல் மேகச் சுவர் எழும்பியிருந்தால் சூரியன் கால் மணி முன்னதாகவே அதற்குள் போய்விடும். கச்சான் காலத்தில் உள்நாட்டுப் புழுதி காற்றில் நிற்பதால், சூரியன் கண் கூசாத சிவப்பு உருண்டையாக இறங்கும், சுற்றி வானம் மட்டும் மங்கலாக இருக்கும். மழை கழுவிய கார்த்திகைக் காற்றில் சூரியன் கடைசிவரை கண் கூசும். ஆனால் அன்றைய வானத்து நிறம் புழுதிக் காலத்தில் வராது. சூரியன் வேண்டுமா வானம் வேண்டுமா என்று பார்த்து மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

போனில் படம் எடுப்பவர்களுக்குச் சில வார்த்தை. கடற்கரையில் அரை மணி நின்றாலே லென்ஸில் உப்புப் படலம் படியும். படத்தில் சூரியனைச் சுற்றி வெள்ளையாக மூட்டம் தெரிந்தால் அது வானத்துக் குற்றம் இல்லை, லென்ஸின் குற்றம். முதலில் ஊதி மணலை விரட்டி, பிறகு லேசாக நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வேட்டி நுனியால் தேய்த்தால் மணல் கீறும். திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை ஒன்று முதல் இரண்டு அளவு இறக்குங்கள். இறக்காவிட்டால் சூரியன் வெள்ளைப் பொட்டாகிவிடும். போன் தானாகச் சிவப்பைச் சரிசெய்துவிடும். நிறச் சமன் வசதி இருந்தால் அதைப் பகல் வெயிலில் நிறுத்திவிடுங்கள். பெரிய கேமராவுக்கு ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, வினாடியில் 250-ல் ஒரு பங்கில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைக்கலாம். முக்காலியின் கால்களை மணலில் அமுக்கிப் புதைத்துவிட்டுத்தான் கேமராவை ஏற்ற வேண்டும். அலை வந்து போகும் ஈர மணலில் வைத்தால் மெல்ல இறங்கி, அடிவானம் கோணிவிடும். ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கிற எல்லைக் கடல் இது.

இருட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே அந்தி நீளாது. மறைந்து 21 முதல் 23 நிமிடம் வரைதான் தரையில் கால் வைக்கும் இடம் தெரியும். அதற்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும். கரையில் நாட்டுப்படகுகளின் நங்கூரக் கயிறு முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். பகலில் தெரியும், அந்தியில் தெரியாது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை கரையேறி முட்டையிடும் காலம். தீ மூட்டுவதும் கடலை நோக்கி டார்ச் அடிப்பதும் அதை வந்த வழியே திருப்பிவிடும்.

காரை மணலில் இறக்குவது இந்தக் கரையில் தினமும் நடக்கும் கூத்து. மேலே காய்ந்து இறுகியதுபோல் தெரியும். இரண்டடி போனதும் முன்சக்கரம் புதையும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொள்ளும். உடனே நிறுத்தி, எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, டயர் காற்றை 20 அளவுக்கு இறக்கி, தரைவிரிப்பையோ பனை மட்டையையோ சக்கரத்தடியில் செருகி, ரிவர்ஸ் கியரில் மெதுவாக, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். காற்றைத் திரும்ப நிரப்பும் வரை வேகமாக ஓட்டக் கூடாது. தார்ச் சாலையை விட்டு இறங்காமலிருந்தால் இவ்வளவும் மிச்சம். தென்கரையில் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். அரிச்சல்முனையில் காலையிலும் இதே கதைதான்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள், அரசிடம் ஒன்று. தங்கள் ராமநாதபுரம் பதிப்பில் சென்னை நேரத்துக்குப் பதிலாக ராமேஸ்வரத்தின் உதய, மறைவு நேரங்களை அச்சிடுங்கள். பக்கத்தில் 'இன்று வடகரை' அல்லது 'இன்று தென்கரை' என்று இரண்டு சொல் போதும். சுற்றுலாத் துறை, பாம்பன் பாலம் இறங்கும் இடத்திலும் ராமேஸ்வரம் பஸ் நிலையத்திலும் ஒரு பலகை வைக்கலாம்: இன்று மறைவு எத்தனை மணிக்கு, எந்தக் கரையில், முகுந்தராயர் சத்திரம் செக்போஸ்ட் எத்தனை மணிக்கு மூடும், திரும்ப வரக் கடைசி பஸ் எப்போது. வில்லூண்டி தீர்த்தத்திலும் முகுந்தராயர் சத்திரத்திலும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும், அதில் தண்ணீரும். விளக்குக் கம்பம் வைத்தால் வெளிச்சம் தரையைப் பார்த்து மட்டும் விழும்படி மூடிய விளக்காக வையுங்கள். கடலைப் பார்த்த விளக்கு ஆமைக்கும் ஆகாது, வானம் பார்க்க வந்தவருக்கும் ஆகாது.

இப்படிக்கு,
தீவுவாசிகளான வாசகர்கள் சிலர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.